ஒன்பதாவது குழியில் ஒரு மஞ்சள் வட்டம்

மூன்று லட்சத்துப் பதினேழாயிரத்து நானூற்றி ஐம்பது ரூபாய். விஜய்குமார் கொடுக்க வேண்டிய கடன் அவ்வளவுதான். அது சேர வேண்டிய ஆட்கள் அவனுடைய வலது கையில் ஒரு விரலை ஒடித்திருந்தார்கள்.

ஒடியும் சத்தத்தை நாங்கள் போனில் கேட்டோம். சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே எங்கள் துப்பறியும் ஆபீஸ். அங்கே மேஜை மேல் போனை வைத்து, வந்திருந்த குரல் செய்தியை அவன் பெண்டாட்டி பூமாரி ஓட விட்டாள். காய்ந்த விறகு முறிகிற மாதிரி ஒரு 'டக்'. பின்னாலேயே அவள் புருஷனின் அலறல். அது அடங்குவதற்குள் ஒரு பெண் குரல், அவசரமே இல்லாமல்:

"அஞ்சு மணி வரை சமயம் உண்டு, கேட்டோ. எனக்க தம்பியைக் கொன்னது நான்தான்னு இவன் வாயால சொல்லணும். இல்லேன்னா ரெண்டு மணிக்கட்டும் போகும்."

கடிகாரத்தில் இரண்டே கால்.

என் முதலாளி திவ்யலட்சுமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஸ்ரீவராகத்து அக்ரஹாரத்துப் பெண். இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்தவர். யாராவது அழுதால் ஆறுதல் சொல்ல மாட்டார். தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைப்பார். பூமாரி பக்கம் சொம்பு நகர்ந்தது.

நான் லிங்கம். பதினெட்டு வருஷம் கான்கிரீட் சட்டி சுமந்தவன். இப்போது மேடத்தின் பையைச் சுமக்கிறேன். பை கனமில்லை. ஆனால் இந்த வேலையில் அடி ஜாஸ்தி.

"யாருடி அந்தப் பொம்மனாட்டி?" என்றார் மேடம்.

"ஜிஷா, அம்மா. பந்தயப் பணம் பிடிக்கிற ஷிபுக்க அக்கா. காலையில ஷிபு நெடுங்குன்னு கோல்ஃப் மைதானத்துல செத்துக் கெடந்தான். அவனுக்குத் தர வேண்டிய கடனுக்காவ எனக்க மாப்பிள்ளதான் கொன்னாருன்னு தூக்கிட்டுப் போயிட்டாவ."

"உன் ஆத்துக்காரன் அங்க என்ன பண்றான்?"

"குழி வெட்டுவாரு."

"சுடுகாட்டிலேயா?" என்றேன். மேடம் என்னைப் பார்த்த பார்வையில் சிமென்ட் இறுகிவிடும்.

கோல்ஃப் ஆட்டத்தில் பந்து விழுகிற குழியைத் தினமும் காலையில் இடம் மாற்றி வெட்ட வேண்டும். அதற்கென்று கோல்ஃப் சங்கம் ஊர் ஊராகக் கூட்டிப் போகிற ஆள் விஜய்குமார். இந்த சீசனில் அஞ்சு ஊரில் அஞ்சு போட்டி முடிந்துவிட்டது. ஆறாவதும் கடைசியும் இங்கே. இன்று இறுதி ஆட்டம் நடந்திருக்க வேண்டியது. பிணம் கிடந்ததால் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

இந்த சீசனில் நடந்த கூத்து எனக்கே தெரியும். டீக்கடையில்கூட அதே பேச்சுதான். நம்மூர் ஆட்டக்காரன் பிரணவ்தான் ஜெயிப்பான் என்று பேப்பர்காரர்கள் எல்லாரும் எழுதினார்கள். அவன் அஞ்சிலும் ஒரு மட்டையடி, இரண்டு மட்டையடி வித்தியாசத்தில் தோற்றான். கொடி வைக்கிற இடமே அநியாயம் என்று மூன்றாவது போட்டியில் வாய் திறந்தான். திறந்த வாய்க்கு அபராதம் போட்டார்கள். ஆனால் டெலிகிராமில் 'ஜோசியர்' என்று ஒருத்தன் மட்டும் ஒவ்வொரு தடவையும் முந்தின நாளே சொன்னான், பிரணவ் தோற்பான் என்று. அஞ்சுக்கு அஞ்சு பலித்தது. ஜோசியர் பேச்சைக் கேட்டுப் பந்தயம் கட்டினவர்களுக்கு ஷிபு கைக்காசைக் கொடுத்தே நொந்துபோனான்.

"உன் புருஷன் யார் மேல கட்டினான்?"

"பிரணவ் மேலதான். அஞ்சு தடவையும். நம்ம முன்னாடி வளந்த பையன்லா ஜெயிக்கட்டும்னு." பூமாரி மூக்கைத் துடைத்தாள். சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடையில் பருப்பு புடைக்கிறவள் அவள். முந்தானையில் உளுந்துத் தூசி. "குடிக்க மாட்டாரும்மா. இது ஒண்ணுதான்."

மேடம் எழுந்து செருப்பை மாட்டினார். "லிங்கம், பை."

"எங்க மேடம்?"

"விரல் ஒடிக்கிற இடத்துக்கு."

*

பூமாரி வழிகாட்ட நடந்தே போனோம். நாலு சந்து தள்ளி ஜிஷாவின் மிளகாய் வத்தல் குடோன். உள்ளே நுழைந்ததும் எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. மூட்டை நிறுக்கிற பெரிய தராசுப் பலகையில் விஜய்குமாரைக் கட்டிப் போட்டிருந்தார்கள். தராசு முள் ஐம்பத்தொன்பது கிலோ காட்டியது. முகத்தில் ரத்தமும் மிளகாய்ப்பொடியும் சேர்ந்து காய்ந்து, ஒரு கண் திறக்கவே இல்லை.

பக்கத்தில் ஜிஷா. நாற்பது வயசு, வெள்ளைச் சேலை, கையில் ஆணி அடிக்கிற சுத்தியல். இரண்டு தடியன்கள்.

"வக்கீலா?" என்றாள்.

"இல்லை. உங்க தம்பியை நிஜமா கொன்னவனைத் தெரிஞ்சுக்கணும்னு வந்திருக்கேன். உங்களுக்கும் அதுதானே வேணும்?"

ஜிஷா போனில் ஒரு படத்தைக் காட்டினாள். ஷிபுவின் நெற்றி. அதில் பிளந்திருந்த காயம், பாதி நிலா மாதிரி வளைந்து.

"கோல்ஃப் மட்டையாலன்னு போலீஸ் சொல்லிச்சு. மட்டை நேராத்தான் வெட்டும். இது வட்டம். எதால வட்டமா வெட்டலாம்?" சுத்தியலால் விஜய்குமாரின் தாடையை நிமிர்த்தினாள். "சொல்லுடா. உனக்க குழிவெட்டியால."

குழிவெட்டி என்பது கைப்பிடி வைத்த இரும்புக் குழாய். அடி விளிம்பு சவரக்கத்தி மாதிரி இருக்கும். புல்லில் வைத்துத் திருகி இழுத்தால் ஒரு சொம்பு அகலத்துக்கு, ஒரு சாணுக்கு மேல் ஆழத்துக்கு, மண் உருளையாக வெளியே வரும். ஜிஷா சொன்னதில் தப்பே இல்லை. நாங்கள் காப்பாற்ற வந்தவனுக்கு எதிராக நல்ல சாட்சி அவள் கையில் இருந்தது.

"விஜய்குமார், அந்தக் கருவி எத்தனை இருக்கு?" என்றார் மேடம்.

"ரெண்டு... ஒண்ணு எங்கிட்ட. ஒண்ணு சாமான் செட்டுல. செட்டுச் சாவி எங்கிட்டயும் ஸ்ரீநிவாஸ் சாரிட்டயும்."

"யார் அவர்?"

"மைதானப் பொறுப்பு. கொடி எங்க வைக்கணும்னு அவருதான் சுண்ணாம்புப் பொட்டு வைப்பாரு. எல்லா ஊர்லயும்."

"காலம்பற ஒன்பதாவது குழியை எப்போ வெட்டினே?"

"நான் வெட்டல." ஒற்றைக் கண்ணால் மேடத்தைப் பார்த்தான். "எட்டு வெட்டிட்டு ஆறரைக்கு அங்க போறேன். அங்க ஏற்கெனவே குழி வெட்டிக் கொடி நட்டிருக்கு. பக்கத்து மணல் பள்ளத்துல ஷிபு கெடக்கான். பயந்து ஓடி வந்தேன். ஷிபுவுக்காவ கேட்டுல காத்து நின்ன இவிய ஆளுவ புடிச்சிட்டாவ."

"கள்ளம்!" ஜிஷாவின் சுத்தியல் இறங்கியது.

இந்த முறை போனில் இல்லை. கண் முன்னால். நடுவிரல். பூமாரி பாய்ந்தாள், ஒரு தடியன் அவளை மூட்டை மேல் தள்ளினான். நான் அவன் சட்டையைப் பிடித்தேன். அடுத்த நொடி தரையில் கிடந்தேன். வாயில் உப்பும் மிளகாயும்.

மேடம் அசையவே இல்லை. குரல் மட்டும் மெல்ல வந்தது.

"ஷிபு போன் எங்கே?"

ஜிஷாவின் கை நின்றது. "கிட்டலை. ஆஃப். கேட்டுல ஒருத்தனை விடாம நாங்களும் தேடினோம், போலீஸும் தேடினது. முதலாளிமார் காரைக்கூட விட்டில்ல."

"இவன்கிட்ட இருந்ததா?"

"இல்லை."

"அப்போ போன் இன்னும் மைதானத்துக்குள்ளதான் இருக்கு. அஞ்சு மணிக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் பாக்கி. இவனையும் ஏத்திண்டு வாங்கோ. நான் சொல்றது பொய்யானா அங்கேயே வச்சு உடைச்சுக்கோங்கோ. இடமாவது விசாலமா இருக்கும்."

ஜிஷா மேடத்தை ஏற இறங்கப் பார்த்தாள். சுத்தியலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "வண்டி எடு" என்றாள்.

வண்டியில் ஏறும்போது மேடம் போனை எடுத்து ஒரே வரி பேசினார். "அஜிதா, நாலே முக்காலுக்கு ஒன்பதாவது குழிக்கு வா." அஜிதா, அந்த ஏரியா எஸ்.ஐ. ஜிஷா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தடுக்கவில்லை. செத்தது அவள் தம்பி. தனக்கென்ன பயம் என்று நினைத்திருப்பாள்.

*

கிழக்கேகோட்டை பஸ் நெரிசலைத் தாண்டவே இருபது நிமிஷம் போனது. நெடுங்குன்னு போய்ச் சேரும்போது நாலேகால். மேட்டு நிலம் முழுக்கப் பச்சை; நடுவில் குளம், கோடையில் வற்றி விரிசல் விட்டுக் கிடந்தது.

"கொன்னவன் போனை இதுல எறிய முடியாது" என்றேன். "எறிஞ்சா தவளை எடுத்துப் பேசும்."

ஸ்ரீநிவாஸ் எங்களை எதிர்கொண்டு வந்தார். ஐம்பது வயசு, வெள்ளைத் தொப்பி, மடிப்புக் கலையாத பேன்ட். விஜய்குமாரின் கையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஐயோ, இதெல்லாம் நம்ம ப்ரிமைசஸ்ல வேண்டாமே. போலீஸ் பாத்துப்பாங்க."

"ஒரு சந்தேகம் சார், ஒரே ஒரு சந்தேகம்" என்று மேடம் நடந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு குழியாக. முதல் குழி, இரண்டாவது, மூன்றாவது. விஜய்குமாரைத் தாங்கிப் பிடித்தபடி பூமாரி. அவன் விரல்களிலிருந்து புல்லில் சொட்டுச் சொட்டாக ரத்தம். மேடம் ஒவ்வொரு இடத்திலும் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். பழைய குழியை அடைத்த இடம் எங்கே என்றே தெரியவில்லை. புல்லோடு புல்லாக இருந்தது. விஜய்குமார் சொல்லித்தான் கண்டுபிடித்தேன். கை வைத்தால் ஈரம்.

ஒன்பதாவது குழி. பக்கத்து மணல் பள்ளத்தைச் சுற்றிப் போலீஸ் ரிப்பன். மணலில் கருப்பாய்க் காய்ந்த ரத்தம்.

அங்கேதான் அதைப் பார்த்தேன். பச்சைப் புல்வெளிக்கு நடுவில், சொம்பு வாய் அளவுக்கு ஒரு மஞ்சள் வட்டம். கருகப் போகிற தோசை மாதிரி.

"மேடம்" என்றேன். "இன்னொண்ணும் இருக்கு." ரிப்பன் ஓரத்தில் வெள்ளை மணல் மேல் கருமண் கட்டிகள், கால் சட்டி அளவு. மேலாக வாரி மறைத்திருந்தது. "குழி தோண்டி அதே மண்ணால மூடுனா மண்ணு மிஞ்சாது. உள்ள வேற ஏதாச்சும் வச்சு மூடுனாத்தான் மிஞ்சும். பதினெட்டு வருஷம் தோண்டியிருக்கேன், இது ஒண்ணுதான் மிச்சம்."

மேடம் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். ஆனால் வட்டத்துப் பக்கம் போகவில்லை. ஸ்ரீநிவாஸ் பக்கம் திரும்பினார்.

"இவன் வேலையில கெட்டிக்காரனா சார்?"

ஸ்ரீநிவாஸ் தோளைக் குலுக்கினார். "இதுல என்ன கெட்டிக்காரத்தனம்? நான் இருபது வருஷம் கூடவே நின்னு பாத்தவன். எந்த மடையனும் செய்யலாம். வெட்டணும், எடுக்கணும், பழைய குழியில வைக்கணும், மிதிக்கணும். நாலே ஸ்டெப்."

"நாலேதானா?"

"நாலுதான்."

"தண்ணி" என்றான் விஜய்குமார்.

குடிக்கக் கேட்கிறான் என்று நினைத்து பூமாரி பாட்டிலை எடுத்தாள். அவன் தலையாட்டினான். வீங்கிய உதட்டால் மெல்லச் சொன்னான்:

"மிதிச்ச பொறவு அரை வாளி தண்ணி ஊத்தணும். இல்லேன்னா வேரு புடிக்காது. வெயில் ஏறுனா கருகிரும். சாருக்குத் தெரியாது. நான் மிதிக்கும்போதே சாரு அடுத்த குழிக்குப் பொட்டு வைக்கப் போயிருவாரு. நான் தண்ணி ஊத்தி அவரு பாத்ததே இல்ல."

எல்லார் கண்ணும் அந்த மஞ்சள் வட்டத்தின் மேல் இருந்தது.

"இருபது வருஷம் பாத்திருக்கார்" என்றார் மேடம். "முழுசாப் பாக்கலை. லிங்கம், எடு."

நான் முட்டி போட்டு விரலை விட்டேன். இரண்டு விரற்கடை கனம்தான் இருந்தது மண். மூடி மாதிரி கையோடு வந்துவிட்டது. கீழே, செங்குத்தாக நிறுத்தி வைத்த கருப்புப் போன்.

பின்னால் காற்று கிழிகிற சத்தம். திரும்புவதற்குள் என் தோளில் இடி விழுந்தது. ஸ்ரீநிவாஸ் கொடிக்கம்பைப் பிடுங்கிச் சுழற்றியிருந்தார். இரண்டாவது வீச்சு என் காதுக்கு மேல். கண் இருண்டது. போனை மட்டும் விடவில்லை. மூன்றாவதாகக் கம்பின் முனையை என் தொண்டைக்கு நேராகக் குத்த ஓங்கினார். மடிப்புக் கலையாத அந்த மனிதரின் வாய் ஓரம் எச்சில் நுரைத்திருந்தது.

ஜிஷாவின் சுத்தியல் அவர் முழங்காலில் இறங்கியது. தேங்காய்ச் சிரட்டை உடைகிற சத்தம். விழுந்தவரின் அடுத்த முழங்காலில் இன்னொன்று. அலறல் குன்று முழுக்க எதிரொலித்தது.

"தலை வேண்டாம்!" மேடம் கத்தினார். "பேச வாய் வேணும்!"

ஜிஷா மூச்சு வாங்க நின்றாள். என் கையிலிருந்து போனைப் பிடுங்கி உயிர்ப்பித்தாள். தம்பி போனைத் திறக்கக் கோடு இழுக்கிற விதம் அவளுக்குத் தெரிந்திருந்தது. படித்தாள். மேடம் எட்டிப் பார்த்துச் சத்தமாக வாசித்தார்:

"'பாதிப் பணம் தரேன். காலையில் ஐந்தரைக்கு ஒன்பதாவது குழிக்குத் தனியா வா.' அனுப்பினது ஜோசியர். நம்பர் யாரோடதுன்னு பாருங்கோ."

ஸ்ரீநிவாஸின் சட்டைப் பைக்குள் போன் அடிக்க ஆரம்பித்தது. அந்த நம்பரை என் போனிலிருந்து நான்தான் அடித்தேன். தோள் ஒன்று போனாலும் கட்டை விரல் இருக்கிறதே.

"ஜோசியமாவது மண்ணாவது" என்றார் மேடம். "பேப்பர்லேயே எழுதறான், பிரணவ் அடிக்கிற பந்து எப்பவும் வலப்பக்கம் வளையும்னு. கொடியை இடது ஓரத்துல, மணல் பள்ளத்துக்குப் பின்னாடி நட்டா அவனால கிட்டவே போக முடியாது. கொடி வைக்கிறவர்தான் ஜோசியர்னா அஞ்சுக்கு அஞ்சு பலிக்காம என்ன பண்ணும்? ஷிபு கண்டுபிடிச்சான், பந்தயத்துல இவர் அடிச்ச பணத்துல பாதி கேட்டான். செட்டுல இருந்த ரெண்டாவது குழிவெட்டி நெத்தியில இறங்கித்து. போனோட கேட்டைத் தாண்ட முடியாது, குளத்துலயும் தண்ணி இல்லை. அதனால கொன்ன கருவியாலேயே புதுக்குழி வெட்டி, பழைய குழியில போனைப் புதைச்சார்."

விஜய்குமார் புல்லில் உட்கார்ந்துவிட்டான். "அப்ப... எனக்க கையாலயே குழிய வெட்டிட்டு, அவன் ஜெயிப்பான்னு நானே பணம் கட்டியிருக்கேன்."

பூமாரி குனிந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

தூரத்தில் ஜீப் வந்து நின்றது. புல்லில் வண்டி ஏறக்கூடாது என்று வாட்ச்மேன் கையை விரித்தான். எஸ்.ஐ. அஜிதா இறங்கித் திட்டிக்கொண்டே மேட்டில் நடக்க ஆரம்பித்தாள்.

ஜிஷா இடுப்பிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தாள். விஜய்குமாரின் கணக்கு இருந்த தாளைக் கிழித்து பூமாரியின் காலடியில் போட்டாள்.

"கள்ள ஆட்டத்துக்கு ஷிபு காசு வாங்க மாட்டான். போ. கடன் இல்லை."

பூமாரி குனிந்து எடுத்தாள். போகவில்லை.

"வெறுந்தாளு போதாது அக்கா. சாலைக் கடைத்தெருவுல கடன் தள்ளுனா எதுக்காகத் தள்ளுனோம்னு தாளுலயே எழுதிக் கையெழுத்துப் போடுவாவ. இல்லேன்னா நாளைக்கு உங்க ஆளுவ வந்து நின்னா நான் என்னத்தக் காட்டுவேன்?"

கடைத்தெரு வழக்கம் ஜிஷாவுக்கும் ரத்தத்தில் ஊறியதுதான். ஏழெட்டுப் பேருக்கு அப்படி எழுதிக் கொடுத்திருப்பாள். தடியன் முதுகில் தாளை வைத்து மலையாளத்தில் எழுதினாள்.

"எதுக்காகன்னு சரியாப் போடுங்க" என்றாள் பூமாரி, குழந்தைக்குச் சொல்வது போல. "சும்மா தள்ளுனதா எழுதுனா உங்க ஆளுவ ஏத்துக்க மாட்டாவ. வாங்க வேண்டியத வாங்கியாச்சுன்னு போடுங்க."

ஜிஷா ஒரு நிமிஷம் யோசித்தாள். எழுதினாள். கையெழுத்துப் போட்டு நீட்டினாள். அவள் கவனம் முழுக்கத் தரையில் துடித்துக்கொண்டிருந்த ஸ்ரீநிவாஸ் மேல்தான் இருந்தது.

அஜிதா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். பிணம் கிடந்த பள்ளம், உடைந்த முழங்கால், மேடம் நீட்டிய போன் எல்லாவற்றையும் பார்த்தாள். ஸ்ரீநிவாஸுக்கு விலங்கு மாட்டச் சொன்னாள். ஜிஷாவைப் பார்த்து, "தம்பி போனதுக்கு வருத்தம் உண்டு. ஸ்டேஷனில் வந்து ஒரு வாக்குமூலம் கொடுத்துட்டுப் போங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னாள்.

அப்போது பூமாரி அந்தத் தாளை நீட்டினாள்.

"மேடம், இதையும் வாசிங்க."

அஜிதா சத்தமாகவே வாசித்தாள்: "விஜய்குமார். மூன்று லட்சத்துப் பதினேழாயிரத்து நானூற்றி ஐம்பது. வலது கையில் விரல் இரண்டு ஒடித்து வரவு வைத்தாச்சு. பாக்கி இல்லை. ஜிஷா."

வாசித்து முடித்து நிமிர்ந்தாள். ஜிஷாவின் கையில் சுத்தியல் அப்படியே இருந்தது. அதில் இரண்டு பேர் ரத்தம். அஜிதா இரண்டாவது விலங்கை எடுத்தாள். அதைப் பார்த்ததும் தடியன்கள் குளத்துப் பக்கம் ஓடினார்கள். வாட்ச்மேன், ஓடினால் புல் கெடும் என்று அவர்களைத் துரத்தினான்.

மேடம் என் காதருகே குனிந்தார். "லிங்கம், இது எனக்குத் தோணவே இல்லைடா."

"எனக்குத் தோணுச்சு மேடம். அடி வாங்கிட்டிருந்ததால சொல்ல நேரம் இல்ல."

அஜிதா தாளைக் கவரில் போட்டு ஒட்டினாள். பூமாரி புருஷனின் கையை முந்தானையில் சுற்றி, உளுந்துத் தூசியோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு எட்டு நடந்தவள், திரும்பி நின்றாள்.

"கேஸ் முடிஞ்ச பொறவு அந்தத் தாளு எனக்குத் திருப்பி வேணும் மேடம். கடன் தீந்ததுக்கு அது ஒண்ணுதான் அத்தாட்சி."